சம்பளம் யார் போனுக்குப் போகிறது?

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் போன் வழிப் பணம் பற்றிப் பேசச் சொன்னார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2016-இல் யுபிஐ வந்தது. இன்று காலடிப்பேட்டை மார்க்கெட்டில் ஒரு கீரைக்கட்டுக்கும் ஸ்கேன் செய்கிறோம். நமக்குச் சில்லறைத் தொல்லை தீர்ந்தது. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு என்ன லாபம்?

கென்யாவில் 2007-இல் எம்-பெசா என்ற போன் வழிப் பணச் சேவை தொடங்கியது. தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இருவர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, அதனால் சுமார் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டதாகக் கணக்கிட்டது. பெண்கள் பொறுப்பில் நடக்கும் குடும்பங்களுக்கே பலன் அதிகமாம். தன் பணம் தன் கையில் இருந்தால்தான் இந்தப் பலன் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கேதான் சிக்கல். வங்கிக் கணக்கில் பதிவான மொபைல் எண்ணை வைத்துத்தான் யுபிஐ வேலை செய்யும். பாஸ்புக் அம்மா பெயரில் இருக்கும். எண் மகனுடையதோ கணவருடையதோ ஆக இருக்கும். கவுண்டரில் இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். சம்பளம் ஏறிய செய்தி அந்த போனுக்குத்தான் போகும். ஏடிஎம் கார்டும் அவரிடமே இருந்தால் பின் நம்பர் போடுவதும் அவர், செலவு செய்வதும் அவர். ரொக்கமாக வாங்கியபோது முந்தானையில் நூறு ரூபாயாவது முடிந்து வைக்க முடிந்தது.

ரொக்கமே மேல் என்று நான் சொல்லவில்லை. கணக்கில் ஏறும் சம்பளத்துக்குப் பதிவு இருக்கிறது, சேமிப்பும் வளரும். ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று, சம்பளம் எப்படி வேண்டும் என்று வேலை செய்பவரிடமே, தனியாகக் கேளுங்கள். கையில் வேண்டும் என்றால் கையில் கொடுங்கள்.

இரண்டு, கணக்கில் வேண்டும் என்றால் பதிவான எண் யாருடையது என்று கேளுங்கள். மாற்ற விரும்பினால் கிளைக்குத் துணைக்குப் போங்கள். அவரிடம் சாதாரண பட்டன் போன் இருந்தாலும் போதும். அதற்கும் 2022 முதல் யுபிஐ வசதி உண்டு.

மூன்று, பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை என்று அவருக்கும் சொல்லுங்கள், வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

அடுத்த சம்பள நாளுக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் இதைக் கேட்டுவிடுவோம். விண்ணப்பம் நிரப்ப ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.