மேலிருந்து தெரியும் நத்தமேடு

சென்னிமலையிலிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால், நொய்யலின் வடகரையில் கொடுமணல் வரும். பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. பேராசிரியர் கா. ராஜன் முதலானோர் 1985 தொடங்கி இங்கே பலமுறை அகழாய்வு செய்தார்கள். இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த பட்டறை, ஆட்களின் பெயர் கீறிய பானை ஓடு என்று எத்தனையோ வெளிவந்தன. அந்த உலைகளுக்கு வேண்டிய இரும்புக் கனிமம் நம் சென்னிமலைப் பக்கத்திலிருந்து போயிருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

ஆனால் தோண்டியது கொஞ்சம்தான். ஊரும் ஈமக்காடும் ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. தோண்டினால் அந்த இடம் அழிந்தும் போகும். அதனால்தான் தொடாமலே பார்க்கும் தொலையுணர்வு முறை எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

காட்டில் வெள்ளாமை செய்பவர்களுக்கு ஓரளவு தெரிந்த சங்கதிதான் இது. மண்ணுக்கடியில் பழைய சுவர் கிடந்தால், அதன் மேல் வேர் ஆழமாக இறங்காது. மழை பொய்த்த வருசம் அந்தக் கோட்டில் மட்டும் பயிர் முன்னதாக வெளுக்கும். மூடிப்போன பள்ளமோ அகழியோ இருந்தால் ஈரம் தங்கி, பயிர் கறுகறுவென்று வளரும். வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு அது வெறும் திட்டு. உயரத்திலிருந்து எடுத்த படத்தில் அதே திட்டு நேர்கோடாக, வட்டமாக, தெருவாகத் தெரியலாம். இங்கிலாந்தில் ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு 1920களிலேயே விமானப் படங்களில் இப்படிப் பழைய குடியிருப்புகளைத் தேடினார். கம்போடியாவில் 2012-இல் லைடார் எனும் லேசர் கருவியை ஹெலிகாப்டரில் கட்டிப் பறந்தார்கள். அங்கோர் பக்கத்துக் காட்டு மரங்களுக்கு அடியில் மறைந்திருந்த தெருக்களும் குளங்களும் வரைபடத்தில் எழுந்து வந்தன.

நமக்கும் வசதி இருக்கிறது. 2005-இல் இஸ்ரோ ஏவிய கார்ட்டோசாட்-1 தரையில் இரண்டரை மீட்டர் அளவு வரை பிரித்துக் காட்டியது. மேடு, பழைய ஆற்றுத்தடம், ஏரிக்கரை இவற்றைத் தேட அது போதும். கொங்கு நாட்டு ஈமக்காடுகளில் உள்ள கல்வட்டம் சில மீட்டர் அகலம்தான்; அதன் ஒவ்வொரு கல்லையும் எண்ண ட்ரோன் வேண்டும். மண்ணுக்குள் பார்க்க வேறு கருவி. 2019-இல் கீழடி ஐந்தாம் கட்ட அகழாய்வின்போது ட்ரோன், தரை ஊடுருவும் ரேடார், காந்தமானி மூன்றையும் பயன்படுத்தினார்கள்.

இதில் காந்தமானி கொடுமணல் போன்ற ஊருக்கென்றே செய்தது என்பேன். களிமண்ணைச் சூளையில் சுட்டால், அது ஆறும்போது பூமியின் காந்தத்தைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்புக் கிட்டமும் கருவியின் அளவீட்டை மாற்றும். இரண்டாயிரம் வருசத்துக்கு முன் அணைந்த உலை எங்கே இருந்தது என்பதை, மண்வெட்டி படாமலே குறித்துவிடலாம்.

இருந்தாலும் படம் காட்டுவது சந்தேகத்தைத்தான். நேரில் நடந்து போய், பானை ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் அது உறுதி. வைகைக் கரையோரம் ஊர் ஊராக நடந்து தேடியதில்தான் கீழடியே கிடைத்தது.

என் கவலை வேறு. பொக்லைன் வைத்து மேட்டைச் சமன் செய்து தென்னை வைக்கிறோம், மனை போடுகிறோம். ஒரு நாள் வேலையில், பழைய ஊர் இருந்த நத்தமேடு போய்விடும். பிறகு எந்தச் செயற்கைக்கோள் வந்தும் பயனில்லை.

சென்னிமலை, காங்கயம், பெருந்துறைப் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் காட்டில் சாம்பல் நிற மண்ணும், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓடுகளும், இரும்புக் கிட்டமும் சேர்ந்து கிடந்தால் சமன் செய்வதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்த்த பிறகு வேலையைத் தொடங்கலாம்.