நெரவிக்கு மாஹே உள்மாநிலம், நாகூர் வெளிமாநிலம்



காரைக்கால் பகுதியின் நெரவிக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாகூரில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர், ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர், அந்தக் கடையில் ஒரு லட்ச ரூபாய்க்குப் பி.வி.சி. குழாய் வாங்குகிறார். திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டி வாஞ்சூர் எல்லையைக் கடந்தால் தமிழ்நாட்டின் நாகூர். சரக்கு அங்கே போய் இறங்குகிறது. பில்லில், மாநிலம் கடந்த விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரியில் 18,000 ரூபாய் விழும். அதே குழாயை அதே விலைக்கு மாஹேயில் உள்ள ஒருவருக்கு அனுப்பினால்? லாரி காவிரிப் படுகையை விட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, அரபிக்கடல் ஓரம் வரை போக வேண்டும். ஆனால் அந்தப் பில்லில் மத்திய வரி 9,000, மாநில வரி 9,000 என்று இரண்டு வரிகள் இருக்கும். அது மாநிலத்துக்குள் நடந்த விற்பனை.

மொத்தத் தொகை ஒன்றுதான். அந்தப் பணம் யார் கணக்கில் போய்ச் சேர்கிறது என்பதுதான் வேறு. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் ஒரே ஒன்றியப் பகுதி. ஜி.எஸ்.டி. பதிவில் நான்குக்கும் எண் 34. தமிழ்நாட்டுக்கு 33. நாகூர் பக்கத்தில் இருக்கிறது, மாஹே தொலைவில் இருக்கிறது என்பது லாரி ஓட்டுநருக்குத் தெரியும். கணினியிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அதனிடம் கேட்டது மாநில எண் மட்டும்தான்.

காரைக்காலில் அறிஞர் அண்ணா அரசு கலை அறிவியல் கல்லூரிக்கோ, அவ்வையார் மகளிர் கல்லூரிக்கோ, பல்கலைக்கழக வளாகத்துக்கோ வணிகம் படிக்கப் போகிற பிள்ளைகள் ஏதாவது ஒரு பருவத்தில் ‘மேலாண்மைத் தகவல் அமைப்பு’ என்ற தாளைச் சந்திப்பார்கள். எம்.ஐ.எஸ். என்பார்கள். முதல் அலகில் தரவு என்றால் என்ன, தகவல் என்றால் என்ன என்று இரண்டு வரையறை இருக்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்கள். பிறகு அமெரிக்கப் பேரங்காடி ஒன்று தன் கிடங்கை எப்படிக் கணினியில் கட்டியது என்று ஒரு கதை வரும். நல்ல கதைதான். ஆனால் அந்தப் பேரங்காடியை நெரவிப் பிள்ளை பார்த்ததில்லை, அதன் பில்லைத் தொட்டதில்லை. இந்தப் பாடத்தை நம் ஊர் பில்லிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எல்லையோரத்தில் பிறந்த பிள்ளைக்கு இதற்கென ஒரு பயிற்சி பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது. இந்தப் பாடத்தின் பாதிச் சங்கதி அந்த எல்லையில் இருக்கிறது.

பில்லின் தலைப்பில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள். பதினைந்து இடங்கள். முதல் இரண்டு மாநிலம். அடுத்த பத்து, உரிமையாளரின் பான் எண். பதின்மூன்றாவது, அதே பான் எண்ணுக்கு அந்த மாநிலத்தில் இது எத்தனையாவது பதிவு என்பது. பதினான்காவது வழக்கமாக இசட். கடைசி இடம், முன்னால் உள்ள பதினான்கையும் வைத்துக் கணக்குப் போட்டு வருகிற சரிபார்ப்பு எழுத்து. நடுவில் ஒரு எழுத்தைத் தவறாக அடித்தால் கடைசி எழுத்து பொருந்தாது, கணினி உடனே நிறுத்திவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் விற்றவர் கவனக்குறைவாக வேறொரு வாடிக்கையாளரின் முழு எண்ணையும் சரியாக அடித்துவிட்டால்? எண் செல்லும். கணினி ஏற்றுக்கொள்ளும். நீங்கள் கொடுத்த வரி இன்னொருவர் கணக்கில் வரவாக நிற்கும். எழுத்து மாறினால் கண்டுபிடிக்கக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆள் மாறினால் மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு மாதத்தில் மூன்று தேதிகள் இருக்கின்றன. மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர், போன மாத விற்பனையை 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற படிவத்தில் பதிய வேண்டும். 14ஆம் தேதி, வாங்கியவருக்கு 2-பி என்ற பட்டியல் தானாகவே வரும். யார் யாரெல்லாம் உங்களுக்கு விற்றதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். 20ஆம் தேதிக்குள் 3-பி படிவத்தைக் கொடுத்து வரியைக் கட்ட வேண்டும். விற்றவர் பதியவில்லை என்றால், நீங்கள் அவரிடம் கொடுத்த வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. 14க்கும் 20க்கும் இடைப்பட்ட அந்த ஆறு நாளில் ஒரு கடைக்காரர் தன் கொள்முதல் பில்களையும் அந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாரே, அதுதான் தகவல் அமைப்பு. பில் என்பது தரவு. பட்டியலோடு ஒப்பிட்டு, ‘நாகப்பட்டினத்து மொத்த வியாபாரி இந்த மாதம் இரண்டு பில்லைப் பதியவில்லை’ என்று தெரிந்துகொள்வது தகவல். உடனே அவருக்குப் போன் போடுவது முடிவெடுப்பு. பாடப்புத்தகத்தின் முதல் மூன்று அலகுகளை ஒரு மேசை மேலேயே நடத்தி முடித்துவிடலாம்.

பலரும் இந்த வேலையைக் கணக்குப் பிள்ளையிடமோ ஆடிட்டர் அலுவலகத்திடமோ மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். டேலி இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பெங்களூரில் 1986இல் கோயங்கா என்ற தந்தையும் மகனும் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள் அது. இந்தியச் சிறு வணிகத்துக்குக் கணினியைப் பழக்கியதில் அதற்கு இருக்கும் பங்கு பெரியது. ஆனால் எந்த வரியைப் போடுவது என்று அதற்குச் சொல்வது கடைக்காரர் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பெயர்தான். நாகூர்க்காரருக்குப் புதுச்சேரி என்று தவறிப் போட்டு, ஐ.ஜி.எஸ்.டி.க்குப் பதில் மற்ற இரண்டையும் கட்டிவிட்டால், சரியான தலைப்பில் மறுபடியும் வரி கட்ட வேண்டும். முன்பு கட்டியதைத் திருப்பித் தரச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். வட்டி கிடையாது என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் சிறு கடைக்குக் கைமுதல் முடங்கிப்போவது சின்ன விஷயமில்லை.

எல்லை இன்னும் பல கேள்விகளை எழுப்புகிறது. நாகப்பட்டினத்து வியாபாரி 80,000 ரூபாய்ச் சரக்கைத் திருவாரூருக்கு அனுப்பினால், இ-வே பில் என்ற சரக்குப் போக்குவரத்துச் சீட்டு தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள் வரம்பு ஒரு லட்சம். அதே சரக்கு நெரவிக்கு வந்தால் தேவை. மாநிலம் கடந்தால் வரம்பு 50,000. சரக்கு விற்பவருக்குப் பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். ஆண்டுக்கு 30 லட்சத்துக்கு வியாபாரம் செய்யும் இரண்டு மளிகைக் கடைகள் வாஞ்சூர் எல்லையின் இருபுறமும் இருந்தால், காரைக்கால் பக்கத்துக் கடை பதிய வேண்டும், நாகூர்ப் பக்கத்துக் கடை பதிய வேண்டியதில்லை. பெட்ரோலுக்கும் மதுவுக்கும் வெளியூர்க்காரர்கள் பலர் காரைக்காலுக்கு வந்து போகிறார்கள். அவை இரண்டுமே ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பவை. ஜி.எஸ்.டி. கணினி அவற்றைப் பார்ப்பதே இல்லை. காரைக்கால் பொருளாதாரத்தை ஜி.எஸ்.டி. புள்ளிவிவரங்களை மட்டும் வைத்து யாராவது அளந்தால், எதை விட்டுவிட்டார்கள் என்று நம் மாணவர் எழுந்து கேட்க வேண்டும்.

பெரிய நிறுவனம் எப்படி இயங்குகிறது என்று பார்க்கவும் தொலைவு போக வேண்டாம். ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் நெரவியில்தான் இருக்கிறது. அந்த நிறுவனம் 2000களில் ‘ஐஸ்’ என்ற திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் உள்ள தன் பிரிவுகளை எஸ்.ஏ.பி. என்ற ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட அமைப்பில், கிடங்கிலிருந்து ஒரு வால்வை எடுத்ததாக ஒருவர் பதிந்தால், இருப்பு குறைவதும் செலவுக் கணக்கு ஏறுவதும் அந்த ஒரே பதிவிலிருந்து நடக்கும். அடித்தவர் ஒருவர், பார்ப்பவர்கள் பலர். அதனால் முதலில் அடிப்பவரின் கவனம் அங்கே இன்னும் விலை உயர்ந்தது.

இனி, கணினி தரும் அறிக்கையை எப்படிப் படிப்பது. இதில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு ஜவுளிக் கடைக்காரர் போன ஜூலை விற்பனையை இந்த ஜூலையோடு ஒப்பிட்டு, முப்பது விழுக்காடு சரிந்துவிட்டதே என்று கலங்குகிறார் என்று வையுங்கள். மென்பொருள் பொய் சொல்லவில்லை. ஆனால் காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழா ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வருவது. ஒரு வருடம் ஜூனில் வரும், ஒரு வருடம் ஜூலையில் வரும். நாகூர் கந்தூரி இஸ்லாமிய நாட்காட்டிப்படி ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும், ரம்ஜானும் அப்படித்தான். நம் ஊர்க் கடைகளின் கல்லா இந்த நாட்களில்தான் நிறைகிறது. மென்பொருளோ ஆங்கில மாதத்தை மட்டும் வைத்துக் கூட்டிக் கொடுக்கிறது. சரியாக ஒப்பிட வேண்டுமானால் திருவிழாவுக்கு முந்தைய மூன்று வாரத்தை, சென்ற திருவிழாவுக்கு முந்தைய மூன்று வாரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தேதிகளைத் தனியாக ஒரு பத்தியில் குறித்து வைத்தால் போதும், அதே மென்பொருள் அழகாகச் சொல்லிவிடும். இந்தத் திருவிழாக் கணக்கு கடைக்காரருக்குத் தெரியும். கடைக்காரரின் மகளுக்கு மென்பொருள் தெரியும். இருவரும் உட்கார்ந்து பேசினால் நல்ல அறிக்கை பிறக்கும்.

பெயர் இன்னொரு சங்கடம். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து, தனிநபரானால், குடும்பப் பெயரின் முதல் எழுத்து. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இன்ஷியலை விரித்துத் தந்தை பெயரை அந்தக் கட்டத்தில் நிரப்புகிறோம். காரைக்காலில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்து ஆவணங்களில் ‘உ’ ஓசைக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்து போட்டு எழுதிய பெயர், இன்று ஆதாரில் ஒரே ‘யூ’வோடு இருக்கும். தாத்தா பெயரில் உள்ள கடையை மாற்றி எழுதும்போது இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது. 1962இல் ஆட்சிமாற்றம் சட்டப்படி நிறைவேறியபோது, இந்தப் பகுதிகளில் பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் அவகாசம் தரப்பட்டது. அவர்கள் பேரப்பிள்ளைகளின் குடியுரிமை வழக்குகள் வரை, பழைய பிறப்புப் பதிவேட்டின் ஒரு வரியில் வந்து நிற்கின்றன. பதிந்த குமாஸ்தா போய்விட்டார், அரசே மாறிவிட்டது, அந்த வரி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒரு பெயரைப் பதிகிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தகவல் அமைப்பில் இயந்திரத்துக்கு எவ்வளவு இடம், மனிதருக்கு எவ்வளவு இடம் என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். திரையில் இருந்த எண், கடற்கரையில் வலை பின்னுகிறவர் காதுக்குப் போனது. 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து, அங்குள்ள தகவல் மையத்தில் முன்பு தொண்டு செய்த இளைஞர் போன் செய்து எச்சரித்தார். ஊரார் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊரில் உயிர்கள் தப்பின. அதே காலையில் நம் காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானவர்களை இழந்தோம். அப்போது இந்தியாவுக்கென்று ஆழிப்பேரலை எச்சரிக்கை மையமே இல்லை. ஐதராபாத்தில் அது 2007இல்தான் வந்தது. நல்லவாட்டில் அன்று இருந்தவை ஒரு போன், ஓர் ஒலிபெருக்கி, யாரிடம் சொன்னால் ஊருக்குப் போய்ச் சேரும் என்று அறிந்த ஒருவர். வணிகத்தில் தகவல் அமைப்பு என்று படிக்கிறவர்களுக்கு இந்தச் சம்பவத்தை நான் எப்போதும் சொல்வேன். செய்தி கடைசி ஆள் வரை போகிற வழியை யார் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்கப் பழக வேண்டும் என்பதற்காக.

இந்தத் தாளைப் படிக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், உங்கள் தெருவிலேயே உள்ள ஒரு கடைக்கு ஒரு மாதம் அனுப்பிவையுங்கள். 11ஆம் தேதி கடைக்காரர் எதைப் பதிந்தார், 14ஆம் தேதி பட்டியலில் எது வந்தது, எது வரவில்லை, 20ஆம் தேதிக்கு முன் யாருக்கெல்லாம் போன் போட்டார் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். எல்லை தாண்டிப் போன பில்களைத் தனியாகக் குறிக்கட்டும். திருவிழா நாட்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கட்டும். தாள் நடத்தும் ஆசிரியர் அந்த நோட்டையே செய்முறைப் பயிற்சியாக ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. கல்லூரிகள் இதை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.