கொல்லிமலையும் கறுப்புத் துணியும்

(கொல்லிமலை செம்மேட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



இம்மலையின் பேரைச் சொன்னால் கீழேயுள்ள ஜனங்களுக்கு மிளகும் பலாவும் ஞாபகத்துக்கு வருவதில்லை. மையும் வசியமும் செய்வினையுந்தான் வருகின்றன. பட்டம் பெற்றவன்கூட 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறி வந்து, எவனோ ஒருவன் காலடியில் பணத்தைக் கொட்டிவிட்டுப் போகிறான். அதோடு விட்டானா? கீழே போய், "மலைக்காரன் எல்லாம் மந்திரவாதி, ஜாக்கிரதை" என்கிறான். சாமை விதைத்து, மிளகு பறித்து வயிறு வளர்க்கும் உங்களுக்கு இப்படி ஒரு பட்டம்!

இதற்கு ஆதாரமாகக் கொல்லிப்பாவையைக் காட்டுகிறார்கள். காற்றும் மழையும் மோதினாலும் அழகு கெடாத பாவை என்று நற்றிணையில் புலவன் பாடினான். அவள் சிரித்தே ஆளைக் கொல்லுவாள் என்பது கதை. இம்மலைக்கு வந்தவர்கள் செத்தது மெய்தான். வெள்ளைக்காரன் காலத்திலும் இது விஷக் காய்ச்சலுக்குப் பேர்போன மலை. ஆனால் கொன்றது யார்? 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் கொசுவின் வயிற்றை அறுத்து அந்தக் காய்ச்சலின் கிருமியைக் கண்டார். பாவை சிரிக்கவில்லை, தோழர்களே; கொசு கடித்தது!

ஆளைப் பார்த்துப் பேயைக் கற்பிப்பது நம் நாட்டில் மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1980ஐ ஒட்டி "காத்" என்றொரு வாலிபர் கூட்டம் கிளம்பிற்று. கறுப்பு உடை, கண்ணில் கறுப்பு மை, சோகப் பாட்டு, கல்லறை, வௌவால் இவற்றில் ஒரு ருசி, அவ்வளவுதான் சங்கதி. அவர்களுக்கு வேதமில்லை, குருவில்லை. அவர்களில் கிறிஸ்தவருமுண்டு, நாஸ்திகருமுண்டு. ஆனாலும் சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் என்றே ஊர் பேசிற்று. 1999இல் அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளியில் இருவர் சுட்டுக் கொன்ற பழியையும், சம்பந்தமில்லாத இவர்கள் தலையில் போட்டார்கள். 2007இல் லங்காஷயரில், தன் காதலனை அடிப்பதைத் தடுக்கப் போன 20 வயதுப் பெண்ணை, அந்த உடைக்காகவே மிதித்துக் கொன்றார்கள். இவ்விதத் தாக்குதலைத் துவேஷக் குற்றமாகப் பதிய மான்செஸ்டர் போலீசுக்கு 2013 வரை ஆயிற்று.

நமக்கு இது புதிதா? நம் இழிவுக்கும் துக்கத்துக்கும் அடையாளமாக 1945இல் கறுப்புச் சட்டை போட்டோம். 1946 மே மாதம் மதுரையில் மாநாட்டுப் பந்தலுக்கே தீ வைத்தார்கள். 1948இல் சென்னை சர்க்கார் கறுப்புச் சட்டைப் படையையே தடை செய்தது. சபரிமலைக்குப் போகிறவனும் கறுப்புத்தான் கட்டுகிறான். அவனைக் கண்டால் "சாமி" என்று வழிவிடுகிறார்கள். துணி ஒன்று, நிறம் ஒன்று!

உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கீழ்நாட்டான் பயத்தை உங்களில் சிலர் பிழைப்பாக்கிக் கொண்டிருப்பதும் உண்மை. அது போதாதென்று, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் நீங்களே வேப்பிலை அடிப்பவனைத் தேடி ஓடுகிறீர்கள். ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தால் மலேரியாவா இல்லையா என்று தெரிந்துபோகும், மாத்திரையும் உண்டு. வேப்பிலை அடித்துக் காத்திருக்கும் அந்த இரண்டு நாளில்தான் குழந்தை கைதப்பிப் போகிறது. மையைப் பார்த்துப் புதையல் சொல்லுகிறவன், உங்களிடம் ஏன் ஐந்நூறு ரூபாய்க்குக் கை நீட்டுகிறான்? தாய்மார்கள் அடுத்த தடவை இதை அவனிடமே கேட்டுப் பாருங்கள்.