பந்தலும் மின்சாரமும்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சுபகாரியம் நிகழுமிடத்தில் ஓருயிர் அழியுமாயின், அதனினும் கொடிய துன்பம் பிறிதில்லை. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி, தஞ்சைக்கு அண்மையிலுள்ள களிமேட்டில் அப்பர் சதய விழாவின்போது தேரின் உச்சி மின்கம்பியைத் தொட்டு 11 பேர் மாண்டதை யாவரும் அறிவீர்கள். அது தலைக்குமேல் நின்ற அபாயம். யான் இன்று கூறப்புகுவது, நம் கலியாணப் பந்தல்களினுள்ளே கண்ணுக்குப் புலப்படாது நிற்கும் அபாயம்.

“ஜெனரேட்டர் மின்சாரம் அடிக்காது, அதற்கு எர்த் வேண்டுவதில்லை” என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். இது பாதி உண்மை. ஆதலால் மிகவும் ஏமாற்றுவது. மின்சாரம் தான் புறப்பட்ட இடத்திற்கே மீளும் இயல்பினது. ஊர் மின்மாற்றியின் நியூட்ரல் மண்ணோடு பிணைக்கப்பட்டுள்ளது. ஆகவே மின்கம்பியைத் தொட்டவன் உடல்வழியே மின்சாரம் மண்ணில் இறங்கி மீள்கிறது. இப்பிணைப்பில்லாத ஜெனரேட்டரில் ஒரு கம்பியை மட்டும் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை.

ஆனால் அடுப்பங்கரைக்குச் செல்லும் கம்பியின் உறை கிழிந்து, ஈரமான இரும்புக் கம்பத்தில் படுகிறதென்று வைத்துக்கொள்வோம். பொறி பறவாது, பியூஸும் போகாது. எனினும் அக்கணமுதல் தரையே இரு கம்பிகளுள் ஒன்றாகிவிட்டது! பின்னர் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை, சீரியல் விளக்கின் மற்றைக் கம்பியைத் தொடுமாயின் 230 வோல்ட்டும் அதன் உடலிற் பாயும். நனைந்த உடலின் தடை சுமார் 1,000 ஓம் எனக் கொண்டால், பாய்வது 230 மில்லியாம்பியர். இதயத்தை நிறுத்த இது போதும்.

கம்பத்தருகே தனியே ஒரு குழாயை நட்டுவிட்டாற் போதாதோ எனின், போதாது. ஜெனரேட்டரின் நியூட்ரல் மண்ணோடு பிணைந்திருப்பினும், மண்வழியின் தடை 20 ஓம் ஆனால் அவ்வழிச் செல்வது 11½ ஆம்பியரே. 32 ஆம்பியர் பியூஸ் அதனைப் பொருட்படுத்தாது. கம்பமும் மின்னேறியே நிற்கும்.

ஆகவே செய்யவேண்டுவன யாவை? முதலாவது, ஜெனரேட்டரின் நியூட்ரலை அதன் இரும்புக் கூட்டோடும் மண்ணோடும், ஜெனரேட்டரிடத்திலேயே, ஓரிடத்தில் மட்டும் பிணைத்தல் வேண்டும். கூட்டிற்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் இருத்தல் நன்று. எர்த் குழாய் இரண்டரை மீட்டர் ஆழம் ஈரமண்ணில் இறங்கவேண்டும். இரண்டாவது, அங்கிருந்து பச்சைநிற எர்த் கம்பி இரும்புக் கம்பங்கள், மைக் பெட்டிகள், கிரைண்டர் யாவற்றிற்கும் செல்லவேண்டும். மூன்றாவது, 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி பொருத்தல் வேண்டும். அது 0.3 விநாடிக்குள் துண்டித்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அக்கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது அவசியம்; ஆயினும் அது கருவி பழுதற்றது என்பதை மாத்திரம் காட்டும். நியூட்ரல் பிணைக்கப்படாவிடினும் பொத்தான் வேலை செய்யும். உயிரைக் காக்கவேண்டிய வேளையிலோ கருவி வாளாவிருக்கக்கூடும். ஆதலின் பிணைப்பை மின்பணி உரிமம் பெற்றவர் கருவிகொண்டு அளந்து சொல்லவேண்டும்.

வீட்டு மின்சாரத்தோடு ஜெனரேட்டரை இணைப்போர், மாற்றுச் சுவிட்சின்றி இணைத்தலாகாது. இன்றேல் மின்சாரம் தெருக்கம்பியில் ஏறி, அங்குப் பழுதுபார்க்கும் தொழிலாளியைக் கொல்லும். எவரையேனும் மின்சாரம் பற்றினால், முதலில் ஜெனரேட்டரை நிறுத்துங்கள். அதற்குமுன் அவரைத் தொடாதீர்கள். பின்பு 108-ஐ அழையுங்கள். அவர் மூச்சற்றிருப்பின் நெஞ்சை நிமிஷத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

சமையற்காரரையும் மேளக்காரரையும் பலநாள் விசாரித்து அமர்த்துகின்ற நாம், ஜெனரேட்டர்காரரிடம் வாடகையை மட்டும் கேட்டு முடிக்கிறோம். இனி, “நியூட்ரலை எங்கே பிணைத்தீர்? எர்த் குழாய் எங்கே? ஆர்.சி.சி.பி. எங்கே?” என்னும் மூன்று வினாக்களையும், முன்பணம் கொடுக்குமுன் ஒவ்வொரு குடும்பத்தாரும் கேட்கவேண்டுமெனப் பிரார்த்தித்து, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.