படுக்கைக்குப் படுக்கை செல்லும் கைகள்

(பிரிக்பீல்ட்ஸில் முதியோர் இல்லப் பணியாளரிடையே ஆற்றிய உரை)



பால்மரம் சீவி நம்மை வளர்த்த பெற்றோர் இன்று முதுமையுற்று, அவர்களுள் சிலர் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களிலுள்ள முதியோர் இல்லங்களில் வாழ்கின்றனர். அவர்களைக் குளிப்பாட்டுவோரும் உணவூட்டுவோரும் நீங்களே. நோய்த்தடுப்பு உங்கள் கைகளில் இருக்கிறது என்று நாம் கூறுவது வெறும் உபசார வார்த்தையன்று.

வியன்னாப் பொது மருத்துவமனையில், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வருவோர் குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பின்னரே பிரசவ அறைக்குள் நுழைய வேண்டுமென 1847ஆம் ஆண்டு மே மாதத்தில் மருத்துவர் செம்மல்வைஸ் விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் மரணம் ஜூனில் 2 ஆகக் குறைந்தது. அக்கால மருத்துவர் பலர் அவரை ஏற்கவில்லை என்பது வேறு கதை.

கையுறை இருக்கும்போது கழுவுவானேன் என்பார் உளர். ஒருவருடைய மலத்துணியை மாற்றிய கையுறையுடனேயே அடுத்தவருக்குக் கஞ்சி ஊட்டினால், அவ்வுறை காப்பது உங்களை மட்டுமே! ஒவ்வொருவருக்கும் புதிய உறை வேண்டும். கழற்றியதும் கை கழுவ வேண்டும். சவர்க்காரமிட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடிகள் போதும். ஆல்கஹால் திரவம் எளிதே. ஆயினும் வயிற்றுப்போக்கு கண்ட இடத்தில் சவர்க்காரமும் நீருமே தக்கவை.

சிரங்கைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். வெட்கத்தால் மறைக்கப்படும் நோய் அது. மிக நுண்ணிய உண்ணி தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தோன்ற 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அதற்குள் பலருக்கும் பரவிவிடும். ஆதலால் அரிப்புள்ளவருக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. மருத்துவர் கூறும் முறைப்படி, அவருடன் நெருங்கிப் பழகிய முதியோரும் பணியாளரும் ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும். துணிகளை வெந்நீரில் துவைக்க வேண்டும். தோட்டத்து வீடுகளுக்கும் இது பொருந்தும். சுத்தமாக இருப்பவரையும் சிரங்கு பற்றும். இதில் நாண என்ன இருக்கிறது?

முதியோருக்குக் காய்ச்சல் இன்றியும் நோய் முற்றக்கூடும். உணவை வெறுத்தாலோ, திடீரென மனம் குழம்பினாலோ உடனே தாதியரிடம் தெரிவியுங்கள்.

இல்லம் நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. இருமலுடன் பணியாளர் வேலைக்கு வருவது பெரும்பாலும் அலட்சியத்தால் அன்று. அன்றைய சம்பளம் போய்விடுமே என்ற அச்சத்தால். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஈராண்டு நிறையாத பணியாளருக்கும் மருத்துவச் சான்றின்பேரில் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. சான்றுடன் வருபவரிடம் முகம் சுளியாமல் வீட்டுக்கு அனுப்புங்கள். அவர் வேலையை அன்று யார் பார்ப்பது என்பதை மாதத் தொடக்கத்திலேயே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.