தனிமனித வழிபாடும் சர்வாதிகாரமும்

1956 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 25 ஆம் நாள், சோவியத் பொதுவுடைமைக் கட்சியின் இருபதாவது மாநாடு மாஸ்கோ நகரிலே, வெளியார் எவரையும் அனுமதியாத ஓர் அமர்வில் கூடிற்று. அவ்வமர்விலே நிக்கிட்டா குருஷேவ் நிகழ்த்திய உரை, மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்த ஸ்டாலினைப் பற்றியதாகும். தனிமனித வழிபாடும் அதன் விளைவுகளும் என்பதே அவ்வுரையின் பொருள். இரகசியமாக நிகழ்ந்த உரை சில மாதங்களுள் உலகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. அன்று தொட்டுத் தனிமனித வழிபாடு என்னும் தொடர் எல்லா நாட்டு அரசியற் பேச்சிலும் நிலைபெற்றுவிட்டது.

தொடர் நிலைபெற்ற அளவுக்கு அதன் பொருள் தெளிவுபெற்றதா என்பது ஐயமே. நாற்சந்தி தோறும் சிலை, பாடசாலை தோறும் படம், பத்திரிகை தோறும் புகழுரை ஆகியவற்றைக் காணும் அயல்நாட்டார், இஃது ஓர் ஆட்சியாளனின் தற்பெருமை என்று கூறி நகைத்துவிட்டுச் செல்வர். தற்பெருமை இருப்பது மெய்யே. ஆயின், தற்பெருமையைத் தணிப்பதற்கு ஒரு சில அரசவைப் புலவர் போதுமே! ஒரு நாட்டின் அச்சுக்கூடங்கள், கல்விக்கூடங்கள், தொழிற்சாலைகள் அனைத்தும் ஆண்டு முழுவதும் ஒருவன் பெயரை உச்சரிக்க வேண்டுவது எதற்காக? இக்கேள்விக்கு விடை தேடும்போது, இவ்வழிபாடு ஆட்சியாளனின் அணிகலனாக மாத்திரம் அமையாது, அவனுடைய ஆட்சிக் கருவிகளுள் ஒன்றாகவும் தொழிற்படுவது புலனாகும்.

பண்டைய மன்னரும் புகழப்பட்டனர். சோழ மன்னர்தம் மெய்க்கீர்த்திகள் கல்லிலே பொறிக்கப்பட்டன. ஆனால், மன்னனுக்கு அரியணை குலவழியாக வந்தது. உழவன் ஒருவன் நாள்தோறும் கைதட்டி அவ்வுரிமையை உறுதிசெய்ய வேண்டியிருக்கவில்லை. இக்காலச் சர்வாதிகாரியின் நிலை வேறு. அவன் மக்களின் பெயரால் ஆள்வதாகக் கூறுகின்றான். மக்களோ அவனைத் தடையின்றித் தெரிவுசெய்தவர் அல்லர். எனவே, அவர்கள் அவனை விரும்புகின்றனர் என்பதற்கு ஓயாது சாட்சி காட்ட வேண்டியவனாகின்றான். வாக்குப்பெட்டி தர வேண்டிய சாட்சியைக் கரவொலி தருகின்றது.

இக்கருவி உருவாகும் முறையையும், அது முறியும் முறையையும் ஒரே மனிதனின் வரலாற்றில் முழுமையாகக் காண விரும்புவோர் ருமேனியா நாட்டை நோக்குதல் தகும்.

நிக்கோலே சௌசெஸ்கு 1918 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26 ஆம் நாள், ஸ்கோர்னிசெஸ்டி என்னும் சிற்றூரில் எளிய உழவர் குடும்பமொன்றிலே பிறந்தார். இளமையிலே தலைநகர் புக்காரெஸ்டுக்குச் சென்று சப்பாத்துத் தைக்கும் தொழில் பயின்றார். தடைசெய்யப்பட்டிருந்த பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்து சிறை சென்றார். 1965 மார்ச்சில் தலைவர் கியோர்கியு-டெஜ் இறந்தபோது கட்சித் தலைமை சௌசெஸ்குவிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 47.

தொடக்கத்திலே அவர் வெறுக்கப்பட்டவர் அல்லர் என்பது கருதத்தக்கது. 1968 ஆகஸ்டில் சோவியத் படைகளும் அதன் நேசநாட்டுப் படைகளும் செக்கோசிலோவாக்கியாவுள் புகுந்தபோது, ருமேனியா அதிற் பங்குகொள்ள மறுத்தது. புக்காரெஸ்ட் அரண்மனைச் சதுக்கத்திலே பெருங்கூட்டத்தின் முன் நின்று, அப்படையெடுப்பைச் சௌசெஸ்கு வெளிப்படையாகக் கண்டித்தார். அன்று எழுந்த கரவொலி உண்மையான கரவொலி. அவரை விரும்பாதவரும் அன்று அவர் பக்கம் நின்றனர். மேலை நாடுகள் அவரை வியந்து போற்றின. 1969 இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் புக்காரெஸ்டுக்கு வந்தார். 1978 இல் பிரித்தானிய அரசியார் சௌசெஸ்குவைப் பக்கிங்ஹாம் அரண்மனையிலே விருந்தினராக வரவேற்றார். அக்காட்சிகள் யாவும் சொந்த நாட்டு மக்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டன. சர்வாதிகாரியின் பீடத்துக்குக் கல் சுமந்தோருள் அயல்நாட்டாரும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

பெரும்பாலான தனிமனித வழிபாடுகள் இவ்வாறே தொடங்குகின்றன. ஒரு போர் வெற்றி, ஒரு விடுதலை, துணிவான ஒரு சொல் என்று மெய்யான ஒரு பெருமை வித்தாக அமைகின்றது. அவ்வித்து ஒருவனுக்கு மாத்திரம் உரித்தாக்கப்படும்போது நச்சுமரமாக வளர்கின்றது.

1971 ஆம் ஆண்டு சௌசெஸ்கு சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் சென்றார். மா சேதுங்கையும் கிம் இல் சுங்கையும் சூழ்ந்திருந்த வழிபாட்டை நேரிற் கண்டார். திரும்பிய சில வாரங்களுள், ஜூலை மாதத்தில், கலை, இலக்கியம், கல்வி அனைத்தையும் கட்சியின் இறுகிய பிடியுட் கொணரும் கட்டளைகளை வெளியிட்டார். 1974 மார்ச்சில் நாட்டின் ஜனாதிபதிப் பதவி புதிதாகத் தோற்றுவிக்கப்பட்டது. பதவியேற்பு விழாவிலே, மக்கட் குடியரசின் தலைவர் கையிலே மன்னர்க்குரிய செங்கோல் ஒன்று கொடுக்கப்பட்டது! ஸ்பானிய ஓவியர் சல்வடோர் டாலி, செங்கோலை அறிமுகம் செய்தமைக்காக அவரைப் பாராட்டித் தந்தி அனுப்பினார். அஃது எள்ளல் என்பதை உணராமல், கட்சியின் நாளேடு அதனை அச்சிட்டு வெளியிட்டது. புகழுக்கும் பரிகாசத்துக்கும் வேற்றுமை தெரியாத நிலையை அவ்வாட்சி அப்போதே எய்திவிட்டது.

அதன்பின் புகழ்மொழிகள் ஆண்டுதோறும் பெருகின. கார்ப்பேத்திய மலைகளின் மேதை என்றும் வழிகாட்டும் தலைவர் என்றும் அவர் அழைக்கப்பட்டார். ஜனவரி 26 நாட்டுத் திருநாள் போலாயிற்று. அவர் மனைவி எலீனா பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். ஆயினும், உலகப் புகழ் பெற்ற இரசாயன அறிஞர் என்று அவர் போற்றப்பட்டார். அவர் பெயரில் வெளியான ஆய்வுகள் பிறர் எழுதியவை என்பது பின்னர் வெளிப்பட்டது.

இப்புகழ்மொழிகளை மக்கள் நம்பினரா? பெரும்பாலோர் நம்பவில்லை. இவ்விடத்திலேதான் கருவியின் நுட்பம் அடங்கியிருக்கின்றது. நம்பத்தகுந்ததைக் கூறிப் புகழ்வது எவர்க்கும் எளிது. நம்பத்தகாததைப் பலர் முன்னிலையிற் கூறுபவன், தன் மானத்தையே ஆட்சியாளனிடம் அடகுவைக்கின்றான். ஆகவே, பொய் பெரிதாகுந்தோறும் பணிவை அளக்கும் கோல் துல்லியமாகின்றது. அமைச்சர் ஒருவர் புகழ்ந்தால் அடுத்தவர் அவரினும் மிகுத்துப் புகழ வேண்டும். குறைத்துப் புகழ்ந்தவர் ஐயத்துக்குள்ளாவார். இப்போட்டியிலே தகுதியும் நேர்மையும் உடையவர் பின்தங்க, துதிபாடுவோர் முன்வருவர்.

இதனை மீறியவர் ஒருவர் உண்டு. 1979 நவம்பரிலே கட்சியின் பன்னிரண்டாவது மாநாட்டில், கொன்ஸ்டன்டின் பிர்வுலெஸ்கு என்னும் முதியவர் எழுந்தார். 1895 இல் பிறந்தவர், கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவர், 84 வயதினர். நாட்டின் சிக்கல்களைப் புறக்கணித்துத் தம்மை மீண்டும் தெரிவுசெய்விப்பதிலேயே சௌசெஸ்கு கருத்தாக இருக்கின்றார் என்றும், அவருக்குத் தாம் வாக்களிக்கப்போவதில்லை என்றும் அம்முதியவர் எல்லோர் முன்னிலையிலும் கூறினார். மண்டபம் முழுவதும் எழுந்து அவருக்கு எதிராக முழங்கிற்று. அவருடைய பிரதிநிதித்துவம் பறிக்கப்பட்டது. பின்னர் அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அன்று முழங்கியோருள் எத்தனை பேர் உள்ளத்தில் அவரோடு உடன்பட்டனர் என்பதை எவரும் அறியார். அயலில் நின்றவரின் மனத்தையும் அறியமுடியாதபடி செய்வதே அம்முழக்கத்தின் பயன்.

பொதுமக்கள் நடுவிலும் இவ்வழிபாடு இவ்வாறே தொழிற்பட்டது. ஒருவன் தன் வீட்டிலே முணுமுணுப்பான், வெளியே கைதட்டுவான். தன்னைச் சூழ ஆயிரம் பேர் கைதட்டுவதைக் காண்பான். அவர்களும் தன்னைப் போன்றவர்களே என்பதை அறியான். தான் ஒருவனே மாறுபட்டவன் என்று அஞ்சி மௌனமாவான். இரகசியப் பொலிசாரான செக்குரித்தாத்தே இவ்வச்சத்துக்குக் காவலாக நின்றது. மாற்றுக் கருத்து அச்சேறிப் பரவாதவாறு, 1983 முதல் தட்டச்சுப் பொறி வைத்திருப்போரும் பொலிசாரிடம் பதிவுசெய்து அனுமதி பெற வேண்டியதாயிற்று.

மூன்றாவதாக, இவ்வழிபாடு ஆட்சியாளனின் கண்களையே மறைத்தது. இடித்துரைப்பார் இல்லாத மன்னன், பகைவர் இல்லாதபோதும் கெடுவான் என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த நீதி. கீழிருந்து மேற்சென்ற ஒவ்வோர் அறிக்கையும் தலைவரை மகிழ்விக்க எழுதப்பட்டது. 1989 இல் நாட்டின் தானிய விளைச்சல் 60 மில்லியன் தொன்னுக்கு மேற்பட்டது என்று அறிவிக்கப்பட்டது. உண்மை விளைச்சல் அதன் மூன்றில் ஒரு பங்கையும் எட்டவில்லை.

காகிதத்திலே விளைந்த தானியம் மக்களின் பசியைத் தணிக்குமா? 1981 அளவில் ருமேனியாவின் அயல்நாட்டுக் கடன் ஏறக்குறைய 1,000 கோடி டொலராக இருந்தது. அதனை முற்றாக அடைக்க முற்பட்ட சௌசெஸ்கு, உணவுப் பொருள்களை ஏற்றுமதி செய்தார். பாணும் சீனியும் எண்ணெயும் பங்கீட்டு அளவிலே வழங்கப்பட்டன. கடுங்குளிரிலே வீடுகளுக்குப் போதிய வெப்பமில்லை, விளக்கெரிக்க மின்சாரமில்லை. தொலைக்காட்சி வாரநாட்களில் இரண்டு மணித்தியாலம் மாத்திரம் இயங்கிற்று. அதிலும் பெரும்பகுதி தலைவரைப் பற்றியதே. அதே காலத்தில் புக்காரெஸ்டின் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, உலகின் மிகப் பெரிய கட்டடங்களுள் ஒன்றான மக்கள் மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. 1987 நவம்பரிலே பிராசோவ் நகரத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து கட்சிக் காரியாலயத்துள் புகுந்தனர், கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது.

1989 டிசம்பர் நடுப்பகுதியிலே, மேற்கு எல்லைப்புறத்துத் திமிசோரா நகரில், ஒரு மதகுருவை வெளியேற்றுவதை எதிர்த்து மக்கள் திரண்டனர். 17 ஆம் நாள் அவர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது. ஈரானுக்குச் சென்று திரும்பிய சௌசெஸ்கு, தாம் நன்கறிந்த மருந்தையே நாடினார். டிசம்பர் 21 ஆம் நாள், 1968 இல் தமக்குப் புகழ் தேடித்தந்த அதே சதுக்கத்திலே பெருங்கூட்டம் ஒன்றைக் கூட்டுவித்தார். தொழிற்சாலைகளிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர் அவருடைய படங்களையும் பதாகைகளையும் ஏந்தி நின்றனர். நிகழ்ச்சி நாடெங்கும் நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது.

அவர் பேசத் தொடங்கிச் சில நிமிடங்களுள் கூட்டத்தில் ஒரு பகுதியிலிருந்து கூச்சல் எழுந்தது. சௌசெஸ்கு பேச்சை நிறுத்தினார். திகைத்து, கூட்டத்தை அமைதிப்படுத்தக் கையை உயர்த்தினார். ஒளிபரப்பு சிறிது நேரம் தடைப்பட்டது. மீண்டும் பேசியபோது ஊதிய உயர்வு அளிப்பதாகக் கூறினார். ஆனால், தடைப்படுமுன் தோன்றிய அந்த முகத்தை நாடு பார்த்துவிட்டது. பல்லாண்டுகளாக ஒவ்வொருவனும் தன்னுள் மறைத்துவைத்த எண்ணம், தன் அயலவனிடமும் உண்டு என்பது ஒரே கணத்தில் எல்லோர்க்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் இராணுவமும் மக்கள் பக்கம் சேர்ந்தது. சௌசெஸ்குவும் மனைவியும் கட்சித் தலைமையகத்தின் கூரையிலிருந்து ஹெலிகொப்டரில் தப்பிச் சென்று, சில மணி நேரத்திற் பிடிபட்டனர். டிசம்பர் 25 ஆம் நாள், ஒரு மணித்தியாலம் வரை நீடித்த விசாரணையின் முடிவில் இருவரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்விசாரணை நீதிக்குப் பெருமை தருவதன்று. அக்கிளர்ச்சிக் காலத்திலே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இதனைக் கண்டு, எல்லாச் சர்வாதிகாரமும் ஒரு கூச்சலினாலே தகர்ந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. அவ்வாண்டிலே அயல்நாட்டு ஆட்சிகள் ஒவ்வொன்றாக வீழ்ந்திருந்தன. சோவியத் நாடும் தலையிடவில்லை. சௌசெஸ்கு கண்டு வியந்த வட கொரியாவிலோ, கிம் இல் சுங் 1994 இல் இறந்த பின்னரும் வழிபாடு மகனுக்கும், 2011 இல் அம்மகன் இறந்தபின் பேரனுக்கும் உடைமையாக வந்தது. முற்றி வைரமேறிய மரத்தை வெட்டுதல் அரிது. முளையிலே அடையாளங் காண்பதே அறிவுடைமை.

முளையின் அடையாளங்கள் மறைவானவை அல்ல. மக்களின் வரிப்பணத்தாற் செய்யப்பட்டது தலைவரின் கொடை என்று பேசப்படுவது ஓர் அடையாளம். அவரோடு மாறுபடுதல் நன்றிகெட்ட செயல் எனப்படுவது மற்றோர் அடையாளம். எழுந்து கைதட்டாதவனை அயலவர் உற்றுநோக்கத் தொடங்குவது மூன்றாவது அடையாளம். இம்மூன்றும் ஒருங்கே தோன்றுமிடத்து, சிலை எழுப்பப்படுமுன்னரே வழிபாடு தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.

மாநாட்டு மண்டபத்திலே தனியே எழுந்து நின்ற பிர்வுலெஸ்கு, 1989 மார்ச்சில் வேறு ஐந்து மூத்த கட்சியினரோடு சேர்ந்து சௌசெஸ்குவைக் கண்டிக்கும் பகிரங்கக் கடிதத்திலும் ஒப்பமிட்டார். அவ்வாட்சி வீழ்ந்ததை உயிரோடிருந்து கண்டார். 1992 இல் மறைந்தார். அவர் பேசிய அன்று மண்டபத்திலே ஒருவரேனும் உடன் எழவில்லை. பத்தாண்டுகள் கழித்துச் சதுக்கத்திலே ஒரு சிலர் குரல் எழுப்பியபோது, ஒரு நாடே உடன் எழுந்தது.