உண்டிவில்லின் ரப்பர்

பெருமுக்கல் மலையடியில் சிறுவனாயிருந்தபோது, சைக்கிள் டியூபை அறுத்து உண்டிவில் செய்து, இழுத்துக் கட்டியவாறே சன்னலோர ஆணியில் மாட்டி வைத்தேன். மறு கோடையில் எடுத்து இழுத்தேன். அறுந்து கன்னத்தில் அறைந்தது. நல்லவேளை, கண் தப்பியது! மரக்காணத்து உப்பளக் காற்றின்மீது பழி சுமத்தினேன். அது தவறு, மாணவ நேயர்களே. உப்பு இரும்பைத் தின்னும். ரப்பரை அவ்வாறு தின்னாது.

காரணம் கல்லூரியில்தான் விளங்கிற்று. 1839-இல் குட்இயர் கந்தகம் கூட்டி ரப்பரை உறுதியாக்கினார்; ஆயினும் அதன் நீண்ட மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் எஞ்சியுள்ளன. காற்றிலுள்ள சிறிதளவு ஓசோனே அவற்றை அறுத்துவிடும். தளர்ந்த ரப்பரில் அத்தீங்கு மேற்பரப்போடு நிற்கும்; இழுபட்டதிலோ வெடிப்பு வாய் பிளந்து உட்புறத்தையும் காட்டிக் கொடுக்கிறது. வெயிலும் வெப்பமும் பிராணவாயுவுக்குத் துணை போகின்றன.

விடுமுறையில் தம்பிக்குச் செய்த உண்டிவில்லைத் தளர்த்தி, இருண்ட பெட்டியில் வைத்தேன். மூன்று கோடை அவன் புளியங்காய் அடித்தான்.